கேட்பாரில்லாத இசையும் என் காதும்

எங்கள் தெருவில் நான் ஒருமுறை செத்திருக்கிறேன். கொஞ்ச நேரம்தான், ஆனாலும் வாசலில் நாற்காலி போட்டாகிவிட்டது. காரணம், ஐரோப்பாவில் ஏதோ ஒரு சிற்றூரில் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக் காலம் தள்ளிய ஒருவர் எழுதி, ஒரே ஒரு தடவை மேடையேறி, அதோடு மறந்துபோன ஒரு சிம்பொனி. தெருவில் இதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். என் மனைவி மட்டும் சிரிப்பதில்லை.

நான் இசை படித்தவன் இல்லை. செங்கோட்டை ரோட்டில் ஒரு மர மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். மேனேஜர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ரம்பத்துக்கும் ஆபீசுக்கும் நடுவில் ஒரு தட்டி, தட்டிக்கு இந்தப் பக்கம் என் மேஜை, அவ்வளவுதான். மலையாளத்து வியாபாரிகள் வந்து தடி மரத்தைத் தட்டிப் பார்த்து விலை பேசுவார்கள். ரம்பம் அது பாட்டுக்கு அலறிக்கொண்டிருக்கும். அங்கே எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். அதனால் யாருக்குக் காது கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று அந்த மில்லில் யாரும் கண்டுபிடித்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நிம்மதியாக உட்கார்ந்து பழைய சினிமாப் பாட்டு கேட்கலாம் என்றிருந்தேன். போட்டால் ஒன்றும் விளங்கவில்லை. மெட்டு வருகிறது, வார்த்தை வரவில்லை. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பாடுகிறார்கள் என்று பாடகர்களைத் திட்டினேன். அதே பாடல்களைக் கல்யாணமான புதிதில் வரிக்கு வரி கூடவே பாடியவன் நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. டிவியைத் திட்டினேன், டிவி விற்ற கடைக்காரரைத் திட்டினேன். திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டால் எனக்கு வேறு காரணம் தேடும் பழக்கம் இல்லை.

பெங்களூரில் இருக்கும் மகள் வந்திருந்தபோது ஒரு டேப்லெட்டும், பார்க்கச் சின்னதாக ஒரு ஸ்பீக்கரும் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். ஆனி மாதம், வெளியே காற்றும் சாரலுமாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யூடியூபில் ஒரு வீணைக் கச்சேரியைப் போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தேன். விழித்தபோது வீணை முடிந்து, தானாகவே வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு வாத்தியம். அடித்தொண்டையில் யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்வது போல இருந்தது. செல்லோ என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். வயலினுக்குப் பெரியண்ணன், காலுக்கிடையில் நிறுத்தி வைத்து வாசிப்பது. அது ஒன்றைச் சொல்லத் தொடங்கியது, பாதியில் நிறுத்தியது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. எதிரே யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துப் பார்த்துப் பேசுகிற ஆள் மாதிரி. கடைசியில் வெகுதூரத்திலிருந்து ஒரு கொம்பு வாத்தியம் பதில் சொன்னது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அதில் ஒரு வார்த்தைகூட இல்லை, ஆகவே ஒரு வார்த்தையையும் நான் தவறவிடவில்லை.

அந்தச் சேனலை நடத்துபவர் யார் என்று தெரியாது. வெளிநாட்டில் யாரோ ஒரு மனுஷர், பழைய இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே இருக்கிறார். எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. அந்தக் காலத்தை ரொமாண்டிக் காலம் என்கிறார்கள். இதை நான் மனைவியிடம் சொன்னபோது, "இந்த வயசுல உங்களுக்கு ரொமாண்டிக் கேக்குதாக்கும்" என்றாள். காதலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, மனசுக்குள் நடப்பதை எல்லாம் இசையில் கொட்டிவிட வேண்டும் என்று அந்தக் காலத்தவர்கள் நினைத்தார்கள் என்று விளக்கினேன். பாதி விளக்கத்திலேயே அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அந்தச் சேனலில் ஏற்றப்பட்டவர்கள் எல்லோரும் தோற்றவர்கள். பேர் வாங்கியவர்களின் இசைதான் லிஃப்டிலும் காலர் டியூனிலும் வருகிறதே, அவர்களுக்கு என் தயவு தேவையில்லை. இவர்கள் அப்படியில்லை. ஒருவர் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். ஒரு பெண், தான் எழுதியதைப் பெண்பிள்ளை எழுதியது என்று காட்டாமல் வெளியிட்டாளாம். இன்னொருவரின் படைப்புகள், அவர் செத்து வெகுகாலம் கழித்து யாரோ வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தனவாம். இதையெல்லாம் சேனல்காரர் கீழே நாலு வரி எழுதியிருப்பார். நான் அதைத் தமிழில் மாற்றச் சொல்லி டேப்லெட்டிடம் கேட்பேன். அது ஒரு மாதிரியான தமிழில் மாற்றிக் கொடுக்கும்.

கேட்பவர்களும் அதிகமில்லை. போலந்திலிருந்து ஒருவர், பிரேசிலிலிருந்து ஒருவர், திரும்பத் திரும்ப அதே ஆட்கள் கீழே கருத்து எழுதுவார்கள். தென்காசியிலிருந்து நான் ஒருவன். கொஞ்ச நாளில் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. சினிமாப் பாட்டெல்லாம் எனக்கு இனி ஒத்துவராது, என் ரசனை எங்கேயோ போய்விட்டது என்று வாக்கிங்கில் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் பதிலுக்கு ஏதோ சொல்வார்கள். நான் பொதுவாகத் தலையாட்டி வைப்பேன்.

மனைவி இதற்கெல்லாம் ஒரே பெயர்தான் வைத்திருந்தாள். இழவு மியூசிக்.

அவளைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் வளர்ந்த எல்லோருக்கும் அது தெரியும். பெரிய தலைவர் யாராவது போய்விட்டால், ரேடியோவிலும் டிவியிலும் மற்ற நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு வயலினையோ ஷெனாயையோ மெதுவாக இழுக்க விடுவார்கள். செய்தி சொல்வதற்கு முன்பே அந்த வாசிப்பைக் கேட்டு ஊருக்கு விஷயம் புரிந்துவிடும். கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குவார்கள். வீட்டுக்காரர்கள் பாலும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பஸ் ஓடாது. வார்த்தை இல்லாத மெதுவான தந்தி வாத்தியம் என்றால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

இதற்கிடையில் வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மனைவி வாயாடி. சந்தைக்குப் போய் வந்தால், யாரைப் பார்த்தாள், அவர்கள் என்ன சொன்னார்கள், இவள் என்ன திருப்பிக் கொடுத்தாள் என்று அரைமணி நேரம் சொல்வாள். அந்தப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. "சாப்பாடு", "மாத்திரை", "போனு" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொண்டாள். வயசானால் எல்லோருக்கும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் எதையோ நான் இரண்டாம் தடவையாக "என்ன?" என்று கேட்டேன். அவள் திருப்பிச் சொன்னாள். "அதைக் கொஞ்சம் தெளிவாச் சொன்னா என்ன" என்று எரிந்து விழுந்தேன். அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"எவனோ செத்தவன் பாட்ட இத்தன பொறுமையா கேக்கிய. நான் உயிரோடதான இருக்கேன்? நான் ஒரு வார்த்த சொன்னா எரிஞ்சு விழுதிய" என்றாள்.

நான் டேப்லெட்டை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் காற்றுக் காலத்தில் அது நடந்தது. காலையில் அவள் சந்தைக்குப் போயிருந்தாள். காற்றில் முன்கதவு படார் படார் என்று அடித்துக்கொண்டதால் உள்தாழ்ப்பாள் போட்டேன். போனை உள்ளறையில் சார்ஜில் போட்டேன். அந்த ஆர்கன் வாசிப்பவரின் சிம்பொனியை அன்றைக்குத்தான் சேனல்காரர் ஏற்றியிருந்தார். இரண்டாவது பகுதி மெதுவாகப் போவது. செல்லோக்கள் எல்லாம் சேர்ந்து ஒன்றை இழுத்துக்கொண்டு நடக்கின்றன. வயலின்கள் மட்டும் எங்கோ தொலைவில், சரியாகக் கேட்கவில்லை. ஒலிப்பதிவு பழசு என்று நினைத்து ஸ்பீக்கரைக் கூட்டினேன். பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டினேன். சாய்வு நாற்காலியில் தலையைப் பின்னால் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

தெருவுக்கு அது எப்படிக் கேட்டது என்பதைப் பிற்பாடு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். முனைக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து எந்தத் தலைவர் என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டுக்காரர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தெருவில் எது நடந்தாலும் பொறுப்பைக் கையில் எடுப்பவர். சத்தம் என் வீட்டிலிருந்து வருகிறது, என் டிவியில் செய்தி ஓடுகிறது என்று முடிவு கட்டி, கேட்டுவிட்டு வருவோம் என்று கதவைத் தட்டியிருக்கிறார். திறக்கவில்லை. மறுபடி தட்டியிருக்கிறார். போன் அடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு ஜன்னல் திரையின் இடைவெளியில் எட்டிப் பார்த்திருக்கிறார். தலையைப் பின்னால் தொங்கவிட்டு, வாயைத் திறந்து, அசையாமல் நான் கிடக்கிறேன். எங்கள் ஊரில் தலைவர் செத்த செய்தி கேட்டு அதிர்ச்சியில் நெஞ்சடைத்துப் போகிறவர்கள் உண்டு, பேப்பரிலும் வரும். அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"தலைவரு போன செய்தி கேட்டு அண்ணாச்சியும் போயிட்டாவ" என்று அவர்தான் சொன்னாராம். எந்தத் தலைவர் என்பதை அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. கதவை உடைக்க ஒருவரைக் கடப்பாரை எடுத்துவர அனுப்பிவிட்டு, வயசானவர்கள் நிற்கிறார்களே என்று தன் வீட்டிலிருந்து நாற்காலிகளை எடுத்து என் வாசலில் போட்டிருக்கிறார். அந்த நேரத்தில்தான் என் மனைவி காய்கறிப் பையோடு தெருமுனையில் திரும்பியிருக்கிறாள்.

எனக்குத் தெரிந்தது இதுதான். யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தால் மனைவி. முடி அவிழ்ந்து கிடக்கிறது, முகமெல்லாம் நனைந்திருக்கிறது. இரண்டு கையாலும் என் நெஞ்சிலும் தோளிலும் மாறி மாறி அடிக்கிறாள். வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. அவளுக்குப் பின்னால் கொல்லைக் கதவு வழியாக எதிர்வீட்டுக்காரர், அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர், எல்லோருடைய வாயும் அசைகிறது. யாரோ ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். இசை நின்றது. இசை நின்ற பிறகும் அவர்கள் வாய் அசைந்ததே தவிர, என் காதில் வெறும் முணுமுணுப்புதான் விழுந்தது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

திருநெல்வேலியில் காதுப் பரிசோதனை செய்யும் இடத்துக்குப் போனோம். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னாள் அங்கே வேலை பார்த்த பெண். சத்தம் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றிரண்டு வந்தது, அழுத்தினேன். பிறகு வெகுநேரம் எதுவும் வரவில்லை. கருவி பழுது என்று நினைத்துக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். அந்தப் பெண் மும்முரமாக எதையோ திருகிக்கொண்டிருந்தாள், அவள் முன்னால் ஒரு சின்ன விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. ஒவ்வொரு சத்தம் அனுப்பும்போதும் அது எரியுமாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி விளக்கையும் பட்டன் மேல் இருந்த என் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அந்தப் பெண் ஒரு படத்தைக் காட்டி எழுதியும் பேசியும் விளக்கினாள். தடித்த கீழ்ச்சத்தம் எனக்கு இன்னும் ஓரளவு கேட்கிறது. கீச்சென்ற மேல்சத்தம் ரம்பத்தோடு போய்விட்டது, பேச்சில் வார்த்தையைப் பிரித்துக் காட்டுவது அதுதான். போன நரம்பு திரும்பாது. காதில் கருவி மாட்டினால் பேச்சு விளங்கும். ஆனால் சத்தமாகப் பாட்டு கேட்டால் இருப்பதும் சீக்கிரம் போய்விடும்.

என் ரசனை எங்கேயோ போய்விட்டது என்று நான் பீற்றிக்கொண்டதற்கு அர்த்தம் பஸ்ஸில் திரும்பி வரும்போது புரிந்தது. பாட்டு பிடிக்காமல் போகவில்லை, வார்த்தைதான் கேட்காமல் போயிருக்கிறது. காதுக்கு மிஞ்சியிருந்ததெல்லாம் செல்லோ மட்டும். அதை நான் உயர்ந்த ரசனை என்று எடுத்துக்கொண்டேன். பாவூர்சத்திரம் வரைக்கும் எனக்கு அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு, ஆனாலும் அன்றைக்குக் கண் நிறைந்தது பொய்யில்லையே என்று தோன்றியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கருவி வந்தது. மாட்டிய அன்று எங்கள் வீட்டில் இத்தனை சத்தம் இருப்பதே எனக்குப் புதிதாகத் தெரிந்தது. பேப்பரைப் புரட்டினால் சத்தம், மிக்சியை நினைத்தாலே பயம். மனைவி பேசுவது சுத்தமாக விளங்கியது. ஆனால் சிம்பொனியைப் போட்டால் வயலின்கள் விசிலடித்தன, செல்லோ தகரம் மாதிரி கரகரத்தது. கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்க வேண்டுமென்றால் சத்தத்தைக் கூட்ட வேண்டும், கூட்டினால் இருப்பதும் போகும். தோற்றுப்போன இந்த மனுஷர்களின் இசையைக் கேட்க உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான் இருக்கிறோம், அதிலும் ஒருவன் குறைகிறான் என்று நினைத்துக்கொண்டு டேப்லெட்டை மூடி வைத்தேன். மாதக்கணக்கில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். வாரத்தில் ஒருநாள் மட்டும், கருவியில்லாமல், ஸ்பீக்கரைக் காதருகே வைத்து, மெதுவாக ஒன்றைக் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் ஊகம்தான்.

இந்த முறை சாரல் தொடங்கியதும் மனைவி குற்றாலத்துக்குக் கூப்பிட்டாள். கருவி நனையக்கூடாது, சாரலில் எப்படி வருவது என்று முரண்டு பிடித்தேன். "கழத்தி எங்கிட்ட குடுங்க, நான் வச்சிருக்கேன்" என்றாள். மெயின் அருவியில் கூட்டம் குறைவாக இருந்தது. அவள் குளிக்கவில்லை. பையோடு படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் தண்ணீருக்குள் போய் நின்றேன். சுற்றிலும் எல்லோரும் வாயைத் திறந்து கத்துகிறார்கள், ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை, யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எனக்கு வெகுநாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, தலையைத் துவட்டி, கருவியை வாங்கி மாட்டிக்கொண்டேன். "அருவிக்குள்ள எல்லாரும் செவிடுதான். நல்லா இருந்துது" என்றேன், சிரிக்கட்டுமே என்று. அவள் அழத் தொடங்கினாள்.

என்னவென்று கேட்டேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நிறுத்தாமல் சொன்னாள்.

"அன்னைக்கு நாற்காலியப் பாத்தேன். எதிர்வீட்டு அண்ணாச்சி வந்து, மதினி மனசத் தேத்திக்கிடுங்கன்னாவ. பைய அங்கனயே போட்டுட்டு, கொல்லைக் கதவுச் சாவி எங்கிட்டதான இருக்குன்னு முடுக்குச் சந்து வழியா ஓடுனேன். ஓடும்போதே நம்ம கோயில் விசுவநாதர்ட்ட வேண்டிக் கேட்டேன். இந்த மனுசனுக்கு காது சுத்தமா போயிருக்கட்டும், அதான் கதவத் தட்டுனது கேக்கலன்னு இருக்கட்டும், வேற ஒண்ணும் ஆயிருக்கப்பிடாதுன்னு கேட்டேன். உள்ள வந்தா மூச்சு ஓடுது. சந்தோசத்துலதான் அப்பிடி அடிச்சேன். பெறவு திருநவேலில அந்தப் பொண்ணு லைட்டப் போடப் போட நீங்க சும்மா இருந்திய. அப்பதான் எனக்கு உறைச்சுது. நான் கேட்டத அவரு அப்பிடியே குடுத்துட்டாரு. நீங்க அந்தப் பொட்டிய காதுகிட்ட வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கதப் பாக்கும்போதெல்லாம், இதை நான்தான கேட்டு வாங்குனேன்னு இருக்கு."

எனக்குச் சாமியோடு பேரம் பேசுவதில் நம்பிக்கை கிடையாது. என் காதைத் தின்றது ரம்பம், அது தின்று முடித்து வெகுகாலம் ஆகிறது, விசுவநாதருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கத்தான் வாயைத் திறந்தேன். யார் எதைச் சொன்னாலும் விளக்குகிறவன் நான். ஆனால் அந்த முடுக்கில் ஓடியவளிடம், ஓடும்போதே இத்தனை சின்னதாக ஒன்றைக் கேட்டவளிடம், எதை விளக்குவது? ஒரு வருஷமாக அவள் இதைச் சுமந்துகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் செல்லோவுக்காகத் துக்கம் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நானா இருந்தாலும் அதத்தான் கேட்டிருப்பேன்" என்றேன்.

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். பக்கத்து பெஞ்சில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்த குடும்பம் மொத்தமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.